குறை நிரப்பலும் மிகை அடக்கலும்

இசை பயில்வோன் தனது பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதியைத் தனிமையிலேயே கழிக்கின்றான். குருவின் முன்னமர்ந்து பாடங் கேட்பது வாரத்துக்கு ஓரிரு மணித்தியாலமே. எஞ்சிய நேரமெல்லாம் அவனும், அவனது கருவியும், மூடிய கதவும், எதிரேயுள்ள சுவருந்தான். சரளி வரிசை தொடக்கம் வர்ணம் ஈறாக யாவும் அச்சுவரைப் பார்த்தவாறே கைக்கு வருகின்றன. இத்தனிமை இன்றி விரல் பழகாது என்பதை மறுப்பார் இல்லை. ஆயினும், இவ்வாறு வளர்ந்த வித்தை நாலு பேருக்கு நடுவே வந்தமரும் நாளிலேதான் அது இசையா அன்றி வெறும் விரற் பழக்கமா என்பது வெளியாகின்றது. மலைநாட்டிலுள்ள பல்கலைக்கழகமொன்றிற் பௌதிகவியல் பயின்ற வயலின் மாணவன் ஒருவனுக்கு இவ்வுண்மை தெரியவந்த வரலாறு, இசை பயிலாதோரும் எண்ணிப் பார்க்கத் தக்கதாகும்.

அவன் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றைச் சேர்ந்தவன். ஒன்பதாவது வயதில் வயலினைக் கையிலெடுத்தவன், வட இலங்கைச் சங்கீத சபை நடத்தும் தரப் பரீட்சைகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சித்தியெய்தினான். பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் தனித்து வாசித்துக் கைதட்டலும் பெற்றவன். பல்கலைக்கழகம் புகுந்தபோது புத்தகங்களோடு வயலினும் கூடவே வந்தது. மாலை வேளைகளில் விடுதி அறையிலிருந்து எழும் நாதத்தைக் கேட்டு நடைவழியில் நின்ற மாணவர் சிலர், ஆண்டுக் கலைவிழாவில் அவன் வாசித்தே ஆகவேண்டுமென வற்புறுத்தினர். அவனும் இசைந்தான். தனிக் கச்சேரி ஒன்றே அவன் மனத்தில் இருந்தது.

ஆனால், விழாக்குழுவினர் வேண்டியது வேறொன்று. மட்டக்களப்பிலிருந்து வந்து தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற மாணவி ஒருத்தி பாடவிருந்தாள். மருத்துவ பீடத்து இறுதியாண்டு மாணவர் ஒருவர் மிருதங்கம். பொறியியற் பீடத்து முதலாண்டு இளைஞன் ஒருவன் கடம். தம்பூராவுக்கு இன்னொரு மாணவி. இந்நால்வரோடு ஐந்தாமவனாக, வாய்ப்பாட்டுக்குப் பக்கவாத்தியமாக, அவன் அமரவேண்டும் என்றனர். பக்கவாத்தியம் என்ற சொல்லே அவனுக்குச் சற்றுத் தாழ்வாகப் பட்டது. எனினும், மேடை மேடைதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு முதலாவது ஒத்திகைக்குச் சென்றான்.

அன்று நிகழ்ந்தவற்றுள் முதலாவது, சுருதி சேர்த்தல். அவன் தனது அறையில் 2 கட்டைச் சுருதியில் வாசித்துப் பழகியவன். பாடகியின் சுருதியோ 5 கட்டை. தந்திகள் நான்கையும் முறுக்கி ஏற்றவேண்டியதாயிற்று. மிருதங்க மாணவர் பெண்குரலுக்கென வேறாக வைத்திருந்த சிறிய மிருதங்கத்தை எடுத்து, இடந்தலையில் நீரிற் குழைத்த ரவையை அப்பி, வலந்தலையின் விளிம்பைச் சிறு கல்லாற் தட்டித் தட்டித் தம்பூராவோடு இணைத்தார். கடமோ சுட்ட மண். அதனை முறுக்கவும் இயலாது, தளர்த்தவும் இயலாது. ஆகவே, அச்சுருதிக்கு இசைந்த பானையையே தேடி இரவல் வாங்கி வந்திருந்தான் அவ்விளைஞன். இச்சடங்கு முடிய ஏறக்குறைய அரை மணித்தியாலம் சென்றது. தனியறையில் இரண்டு நிமிடத்தில் முடிகின்ற கருமத்துக்கு இத்தனை நேரமா என அவன் உள்ளுக்குள் சலித்துக்கொண்டான்.

பாடகி மேற்தாயி ஷட்ஜத்தில் நின்றாள். அவனும் அதே சுரத்தைப் பற்றினான். உடனே ஒரு நடுக்கம் கேட்டது. ஒலி பெருகுவதும் சிறுப்பதுமாக ஓர் அலைவு. அவளுடைய குரல் நடுங்குகின்றது என்றே அவன் முதலில் எண்ணினான். அவளோ தம்பூராவோடு ஒன்றி அசைவற்று நின்றாள். அவன் வில்லை எடுத்தான், நடுக்கம் நின்றது. வில்லை வைத்தான், மீண்டும் எழுந்தது. செக்கனுக்கு 392 அதிர்வுகளையுடைய சுரமும் 394 அதிர்வுகளையுடைய சுரமும் ஒருங்கே ஒலிப்பின் செக்கனுக்கு 2 அடிப்புகள் கேட்கும் என்பதைப் பரீட்சைத் தாளில் எழுதிப் புள்ளி பெற்றவன் அவன். அவ்வடிப்புகள் தன் விரலிலிருந்தே பிறப்பதை அன்றுதான் கேட்டான். மேற்தாயியில் அவனது விரல் மயிரிழை உயர்ந்தே விழுவது பல்லாண்டுப் பழக்கம். தனியறையில் அது பிழையாகத் தோன்றியதில்லை. ஏனெனில், ஒப்பிட்டுக் கேட்பதற்கு அங்கே வேறொரு குரல் இருந்ததில்லை.

அடுத்து வந்தது பாடாந்தரப் பிணக்கு. காம்போதி இராகத்தில் அமைந்த கீர்த்தனை ஒன்றில், அனுபல்லவியின் இரண்டாவது சங்கதியை அவள் ஒருவிதமாகப் பாட, அவன் வேறுவிதமாக வாசித்தான். இரண்டாம் முறையும் அவ்வாறே நிகழ்ந்தது. அக்கீர்த்தனை அவனுக்கு மனப்பாடம். ஆதலால் அவள் வாயைத் திறக்குமுன்னரே அடுத்த சொல்லுக்குரிய சுரத்தில் அவனது வில் நின்றது. தன் குரு கற்பித்த முறையே சரியானதென்று அவன் வாதிட்டான். அவள் மறுத்துரைக்கவில்லை, தனக்குக் கிடைத்த பாடம் இதுவென்று மட்டும் சொன்னாள். மிருதங்க மாணவர் அதுவரை பேசாதிருந்தவர், மெல்லச் சொன்னார்:

"தம்பி, நீர் வாசிக்கிறது பிழையில்லை. ஆனால் அவ பாடினதை நீர் கேக்கேல்லை."

இச்சொல் அவனைச் சுட்டது. விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் அதனை மறுக்கும் நியாயங்களைத் தேடிக்கொண்டே நடந்தான். ஆனால் மறுநாள் ஒத்திகையில், தான் அறிந்த கீர்த்தனையை மறந்துவிட்டு, அவள் பாடும் கீர்த்தனையைப் பின்தொடர முயன்றான். அது எளிதாக இருக்கவில்லை. அறிந்ததை வாசிப்பதினும், கேட்டதை வாசிப்பது கடினம். குரலுக்கு ஓர் இமைப்பொழுது பின்னே நின்று, அது வளையுமிடத்தில் வளைந்து, மூச்சு வாங்குமிடத்தில் அந்நாதத்தைத் தாங்கி, அது மீண்டும் எழும்போது வழிவிடவேண்டும். மூன்றாம் நாள், அவள் பாடும் சங்கதியில் தன் குருவின் பாடத்தில் இல்லாத ஓர் அழகு உண்டென்பதை அவன் கண்டான். பத்தாண்டுகளாக மனப்பாடமாயிருந்த கீர்த்தனை அன்று புதிதாயிற்று.

வயலின் என்னும் கருவியே இப்பணிக்காகத் தமிழிசை மேடைக்கு அழைத்து வரப்பட்டதென்பது இவ்விடத்து நினைவுகூரத் தக்கது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதரும் (1786–1859), தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வைரோப்பியக் கருவியைக் கர்நாடக இசைக்கு இசைவித்தோர் ஆவர். சுரத்தை நீட்டி நிறுத்தவும், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லவும் வல்லதாயிருத்தலின், மனிதக் குரலை நிழல்போலத் தொடர்வதற்கு அது பெரிதும் ஏற்றதாயிற்று. பிற்காலத்தில் அது தனிக் கச்சேரிக்குரிய கருவியாகவும் உயர்ந்தது உண்மையே. எனினும், அதன் குணம் முதலில் விளங்கியது இன்னொருவர் பக்கத்திலேதான்.

ஒத்திகைகள் ஆறு வாரம் நடந்தன. தனி ஆவர்த்தனத்தின்போது வயலினுக்கு வேலையில்லை. மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசும் அப்பொழுதில், அவன் வயலினை மடியிற் கிடத்திவிட்டு, தனது கொப்பியை எடுத்துக் கற்பனைச் சுரக் கணக்குகளை எழுதிக்கொண்டிருப்பான். கலைவிழாவன்று அவையினரை வியக்கவைக்கத் தக்கதொரு முடிவை அமைத்துவிட வேண்டுமென்பதே அவனது நோக்கம். கீர்த்தனை ஆதி தாளம். எடுப்பு சமத்திலிருந்து ஒன்றரை இடம் தள்ளி. ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை, எடுப்புக்கு மேலும் 6, ஆகமொத்தம் 38. பத்து மாத்திரையுடைய சுரக்கோவை ஒன்றை மும்முறை வாசித்து, இடையிடையே நந்நான்கு மாத்திரைக் கார்வை இரண்டு விட்டால், முப்பதும் எட்டுமாகக் கணக்குச் சரியாக வந்தது. அறையில் அதனை நூறு முறை வாசித்துப் பார்த்தான். ஒருமுறையேனும் தவறவில்லை.

கலைவிழா மாலையில் மண்டபம் நிறைந்திருந்தது. கீர்த்தனை நன்கு நிறைவேறிக் கற்பனைச் சுரம் தொடங்கிற்று. பாடகியும் அவனும் மாறி மாறிச் சுரம் உதிர்க்க, அவையினரின் உற்சாகம் ஏற, அவனது உற்சாகமும் உடன் ஏறியது. ஈற்றில், தான் அமைத்த முடிவைத் தொடங்கினான். சுரக்கோவைகள் மூன்றும் பிழையின்றியே வந்தன. ஆனால், நான்கு மாத்திரை நிற்கவேண்டிய கார்வைகளில், ஆவல் மேலீட்டால், மும்மூன்று மாத்திரையே நின்றான். ஆக, எடுப்புக்கு இரண்டு மாத்திரை முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டான். வில் நின்ற கணத்திலேயே அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. உடல் குளிர்ந்தது.

ஆனால் மண்டபத்தில் எவருக்கும் அது தெரியவில்லை. முதலாவது கார்வை குறுகியபோதே மிருதங்க மாணவர் விழித்துக்கொண்டார். இரண்டாவதும் குறுகவே, மூன்றாவது கோவையின் முடிவில் எஞ்சி நின்ற இரண்டு மாத்திரையையும் அழுத்தமான இரு சொற்களால் நிரப்பித் தலையை அசைத்தார். அவ்வசைவை நோக்கியிருந்த பாடகி ஒன்றரை இடத்திற் பல்லவியைச் சரியாக எடுத்தாள். வயலின் ஓய்ந்த இடத்தில் மிருதங்கம் வைத்த முத்திரையாகவே அவையினர் அதனைக் கொண்டனர், கைதட்டல் எழுந்தது. அன்றிரவு அவனுக்குக் கிடைத்த கைதட்டல்களுள் மிகப் பெரியது அதுவே. அது தனக்குரியதன்று என்பதை அறிந்தவர் மண்டபத்தில் மூவரோ நால்வரோதான்.

திரை விழுந்தபின் அவன் வயலினைப் பெட்டியில் வைக்கத் தாமதித்தான். மன்னிப்புக் கோரவேண்டும், எவ்வாறு தொடங்குவதென்று தெரியவில்லை. மிருதங்கத்துக்கு உறையிட்டுக்கொண்டிருந்தவரிடம் சென்று, "அண்ணை, அந்தக் கணக்கு..." என்றான். அவர் நிமிர்ந்து பாராமலே சொன்னார்:

"அடுத்தமுறை நான் பிழை விடுவன். அப்ப நீர் பாத்துக்கொள்ளும்."

வேறொன்றும் சொல்லவில்லை. வசைமொழி ஒன்றை எதிர்பார்த்துச் சென்றவனுக்குக் கிடைத்தது ஒரு பொறுப்பு. அன்றிரவு விடுதியில் அவன் நெடுநேரம் உறங்கவில்லை. சுரங்களில் அவன் தவறவில்லை, மௌனத்திலேதான் தவறினான். அறையில் நூறு முறை வாசித்தபோது சுரங்களை மாத்திரமே எண்ணியிருந்தான். கார்வையைச் சுரங்களுக்கிடையே தானாக வந்து கழியும் வெற்றிடமாகவே கருதியிருந்தான். பிறரோடு அமர்ந்து வாசிக்கும்போது அவ்வெற்றிடமும் ஒருவருக்குரியது. அங்கே மிருதங்கம் பேசுகின்றது. பாடுபவள் மூச்சு வாங்குகின்றாள். அதனைக் குறுக்குதல் பிறர் நிலத்தில் வேலியை நகர்த்துவதற்கு ஒப்பாகும்.

சில நாட்களின் பின் சிற்றுண்டிச்சாலையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளை, பாடகி அவனிடம் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பற்றிப் பேசினாள். அது அவளுக்குப் பாடநூல். மாதவியின் அரங்கேற்றத்தில் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், தண்ணுமையின் பின்னே முழவும், முழவோடு கூடி ஆமந்திரிகையும் நின்று இசைத்தமையை இளங்கோவடிகள் முறைபடக் கூறுகின்றார். ஒன்றையொன்று தொடர்ந்து நிற்றலே அங்குப் பேசப்படுகின்றது. ஒன்றையொன்று விஞ்சுதல் அன்று. அதே காதையில் தண்ணுமை ஆசிரியனுக்குரிய தகுதிகளைக் கூறுமிடத்து, உரைகாரர் காட்டும் பொருளின்படி, ஏனைய கருவிகளின் குறையை நிரப்புதலும் அவற்றின் மிகையை அடக்குதலும் அவனது கடமைகளாகக் கொள்ளப்படுகின்றன. அதுவும் தன் கைத்திறம் மேலோங்கித் தோன்றாவாறு செய்யப்படல் வேண்டும். விழாவன்று இரண்டு மாத்திரையை நிரப்பிய கைகளை அவன் நினைத்துக்கொண்டான். விஞ்ஞான மாணவனாகிய அவனுக்கு, பழந்தமிழ் நூலொன்று அத்துணை அண்மையில் வந்து நின்றது அதுவே முதற்றடவை.

இவ்வறிவு தமிழர்க்கு மாத்திரம் உரியதன்று. இரு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கினாலான நால்வர் இசை ஐரோப்பாவில் ஹைடனின் (1732–1809) கையில் முதிர்ச்சி பெற்றது. அதற்கு நெறியாளர் இல்லை. கோலசைத்து வழிகாட்ட ஒருவரும் முன்னே நிற்பதில்லை. 1784இல் வியன்னாவில் நிகழ்ந்த அத்தகைய கூட்டமொன்றில் ஹைடன் முதல் வயலினும், டிட்டர்ஸ்டோர்ஃப் இரண்டாம் வயலினும், வன்ஹால் செல்லோவும் வாசிக்க, மொசார்ட் வயோலா வாசித்தாரென ஐரிஷ் பாடகர் மைக்கேல் கெலி தமது நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். வயோலா நடுக்குரல், மேலே ஒலிக்கும் இராகமும் அதற்குரியதன்று, கீழே தாங்கும் அடித்தளமும் அதற்குரியதன்று. வயலினிலும் பியானோவிலும் வல்லவரான மொசார்ட் அவ்விடத்தில் அமர்ந்தார். நடுவே இருப்பவனுக்கு இருபுறமும் கேட்கும். மறு ஆண்டு, 1785இல், அவர் ஹைடனுக்குக் காணிக்கையாக்கி வெளியிட்ட நால்வர் இசைகள் ஆறிலும் நான்கு குரல்களும் தத்தமக்குரிய பேச்சைப் பேசுகின்றன.

சிறு குழுவையே இங்குச் சிறப்பித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. பெருங் குழுவில், ஒரே பகுதியைப் பத்துப் பேர் வாசிக்கையில், ஒருவனின் தளர்ச்சி ஒன்பது பேருக்குள் மறைந்துவிடும். தனித்து வாசிப்பவனின் பிழையோ, திருத்துவார் இன்மையின், நாளடைவில் அவனது பாணியாகவே மாறிவிடும். நால்வரோ ஐவரோ கூடிய குழுவில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரே உளர். மறைவதற்கு இடமில்லை, ஆனால் தாங்குவதற்கு ஆள் உண்டு. இவ்விரண்டும் ஒருங்கே கிடைப்பது அரிது. அன்றியும், ஒருவன் ஒத்திகைக்கு வாராவிடில் ஏனைய நால்வரின் மாலையும் வீணாகும். குறித்த நேரத்துக்கு வருதல், தன் பாடத்தை முன்னரே ஆயத்தம் செய்தல், பிறர் கருத்தைக் கேட்டுத் தன் கருத்தை ஒத்திவைத்தல் ஆகியவற்றை ஒழுக்க நூல் கற்பிப்பதைக் காட்டிலும் விரைவாக அது கற்பித்துவிடுகின்றது. வெவ்வேறு பீடங்களிலும் வெவ்வேறு மாவட்டங்களிலுமிருந்து வந்தோர், விரிவுரை மண்டபத்தில் ஒருபோதும் சந்தித்திராதோர், ஒரு தம்பூராவைச் சுற்றி அமர்வதனால் விளையும் நட்பும் பிறிதொரு பயனாகும்.

எனினும், குழு இருந்தாற் போதும், தனிப்பயிற்சி வேண்டாவென எவரேனும் கொள்வராயின் அது பெருந்தவறு. பிறர் குறையை நிரப்ப வேண்டுமாயின், தன் குறை முதலிற் குறைந்திருத்தல் வேண்டும். தன் விரலைத் தேடுவதிலேயே கவனம் முழுவதையும் செலவிடுபவனால் அயலான் பாடுவதைக் கேட்க இயலாது. தனியறை விரலை விடுவிக்கின்றது. விடுபட்ட கவனத்தை எங்கே செலுத்துவதென்பதைக் குழு காட்டுகின்றது. அவ்வயலின் மாணவனும் அறைப் பயிற்சியைக் கைவிடவில்லை. ஆயின், அதன்பின் கார்வைகளையும் எண்ணினான்.

மறு ஆண்டுக் கலைவிழாவில் அதே ஐவரும் மீண்டும் அமர்ந்தனர். மருத்துவப் பட்டம் பெற்றுப் பணியிலிருந்த மிருதங்க அண்ணர் அதற்கெனவே வந்திருந்தார். பாடகிக்குத் தடிமன், குரல் மேற்தாயியை எட்டவில்லை. காம்போதி ஆலாபனையில் அவள் மேல் ஷட்ஜத்தை நோக்கி ஏறித் தயங்கியபோது, அவன் அச்சுரத்தை மிக மெதுவாக முன்வைத்து நின்றான். அவள் அதன் நிழலில் தொட்டும் தொடாமலும் நின்று, ஆறுதலாகக் கீழே இறங்கினாள். தனது முறை வந்தபோது ஆலாபனையைச் சுருக்கமாகவே வாசித்தான். களைத்த குரலுக்குப்பின் வயலின் நெடிது முழங்கின் அவளது தளர்ச்சியே அவையினருக்கு நினைவில் நிற்குமென்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

தனி ஆவர்த்தனம் வந்தது. வயலின் மடியிற் கிடந்தது; கொப்பி விடுதியிலேயே இருந்தது. மிருதங்கமும் கடமும் மாறி மாறிக் குறைப்பில் இறங்கி வருகையில், கட இளைஞனின் கண்கள் ஒரு கணம் அலைபாய்ந்தன; கணக்கு அவனைவிட்டு நழுவியிருந்தது. பாடகி இருமலை அடக்குவதற்காகத் தாளம் போடுங் கையால் வாயைப் பொத்தியிருந்தாள். வாசிப்பதற்கு ஒன்றுமின்றி இருந்த வயலின் மாணவன், அவ்விளைஞனுக்குத் தெரியும்வண்ணம் கையைச் சற்று உயர்த்தித் தன் முழங்காலில் தாளத்தைப் போட்டான்: ஒரு தட்டு, மூன்று விரல், ஈரிணைத் தட்டும் வீச்சும். இளைஞன் அதனைக் கண்டான்; அடுத்த சமத்தில் வந்து சேர்ந்தான். மண்டபத்தில் எவரும் அதனைக் கவனிக்கவில்லை. அதற்கெனக் கைதட்டலும் எழவில்லை.

மிருதங்க அண்ணர் மாத்திரம், கை வாசித்துக்கொண்டிருக்க, அவன் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தமக்கு வந்துசேர வேண்டிய கடன் வேறொருவனுக்குச் சென்றதையிட்டு அவர் குறைப்பட்டவராகத் தெரியவில்லை.